பேசாத உரைக்கு வாங்கிய பரிசை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆ. கோகிலவாணி, எம்.எஸ்சி.,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி (விலங்கியல்),
த/பெ. ஆண்டி,
மல்லேனஅள்ளி கிராமம்,
பாலக்கோடு வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
(சங்கங்கள் பதிவு),
தருமபுரி.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பதிவு பெற்ற சங்கம் – வறள்நில அறிவியல் பேரவை, தருமபுரி – ஆண்டு மாநாடு – மாணவர் ஆய்வு விருது – நான் பேசாத உரைக்காகவும் நான் சொல்லாத முடிவுக்காகவும் எனக்கே முதல் பரிசு வழங்கியது – அப்பரிசை ரத்து செய்யவும், என் படம் போட்ட விளம்பரத் தட்டிகளை இறக்கவும், என் ஆய்வைக் கேட்கவும் உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி பேரவையின் மாநாட்டு அறிவிப்பு. 2. பேரவைச் செயலாளருக்கு நான் அனுப்பிய பதிவுத் தபால் (பதில் இல்லை).

1. பரிசு கிடைக்காதவர்கள் அனுப்பும் புகார்கள் தங்கள் அலுவலகத்துக்குப் புதியவையாக இருக்காது. இது பரிசு வாங்கியவள் அனுப்பும் புகார். பொருள் வரியை இவ்வளவு நீளமாக எழுதியதற்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். 'மாணவர் ஆய்வு விருது – தொடர்பாக' என்று சுருக்கமாக எழுதியிருந்தால், அதை மட்டும் பார்த்துவிட்டு யாராவது எனக்கு வாழ்த்து மடல் அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தலைப்பைத் தாண்டிப் படிக்காத படிப்பாளிகளிடம் நான் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

2. நான் தருமபுரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து வருகிறேன். என் தந்தை தக்காளி விவசாயி. எங்கள் ஊரில் பெரும்பாலும் எல்லோரும் தக்காளிதான். என் ஆய்வும் அதைப் பற்றியதே. இலைக்குள் சுரங்கம் போட்டுத் தின்றுவிட்டு, பிறகு காயில் ஊசி குத்தியது போல் துளையிட்டு உள்ளே போய்விடும் ஊசிப்புழு எங்கள் வட்டாரத்தைச் சில ஆண்டுகளாகப் பாடாய்ப் படுத்துகிறது. அந்தத் துளை விழுந்த பழத்தைப் பாலக்கோடு மண்டியில் கையால் தொடக்கூட மாட்டார்கள். இதற்கு மருந்து என்று எங்கள் பக்கம் அதிகம் விற்பது 'வயல்வேந்தன்'. அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று இரண்டு பருவங்கள் பார்த்தேன். மருந்து அடித்த பாத்திகளையும் அடிக்காத பாத்திகளையும் வெவ்வேறு வயல்களில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டேன்.

3. நான் கண்டது இதுதான். புழு இலைக்குள் பத்திரமாக இருப்பதால் மருந்து அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எங்கள் வயல்களில் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத ஒரு சிறு குளவி இருக்கிறது. அது ஊசிப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு பொரிக்காமல் செய்துவிடும். மருந்து அந்தக் குளவியை ஒழித்துவிடுகிறது. ஆகவே 'வயல்வேந்தன்' அடிப்பவர், புழுவுக்கு இருந்த பகையாளியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு, மறுவாரம் புழு பெருத்துவிட்டதே என்று அதே மருந்தை இன்னொரு முறை அடிக்கிறார். இதை என் ஆய்வுச் சுருக்கத்தின் மூன்றாவது வரியில் எழுதியிருந்தேன். மொத்தச் சுருக்கமும் அரைப் பக்கம்தான். அதில் மூன்றாவது வரியை எட்டுவதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

4. இவ்விடத்தில் ஜானகியம்மாள் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தை ஒட்டியுள்ள நிலம் அவருடையது. எனக்குப் பெரியம்மா முறை. கணவர் இல்லை. ஆய்வுக்கு வயல் கேட்டுப் போனபோது ஊரில் பலர் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மருந்து அடிக்காமல் பாதி நிலத்தைப் புழுவுக்கு விடச் சொன்னால் யார்தான் விடுவார்கள்? ஜானகியம்மாள் மட்டும், "பாதி வயல்ல அடிக்காத வுடணும், அவ்வளவுதான? வுட்டுட்டாப் போவுது. நீ என்ன ஊரான் வூட்டுப் புள்ளையா" என்று விட்டார். அடிக்காத பாதி அடித்த பாதியைவிட நன்றாக வந்தது. அன்றிலிருந்து அவர் அந்த மருந்தைத் தொடவில்லை. உரக்கடைக்காரர் கேட்டபோதெல்லாம், "எங்க கோகிலா வேணாங்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். என் ஆய்வை முழுவதுமாக ஏற்றுக்கொண்டு நடந்த ஒரே ஆள் அவர்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. வறள்நில அறிவியல் பேரவை என்பது தங்கள் அலுவலகத்தில் பதிவு பெற்ற சங்கம். அதன் நிர்வாகிகள் அனைவரும் முனைவர்கள். அழைப்பிதழில் ஒரு பெயருக்கு முன்னால்கூட அந்தப் பட்டம் விடுபடவில்லை. அதில் மட்டும் மெய்ப்புப் பார்த்தவர் மிகுந்த கவனம் எடுத்திருக்கிறார். இப்பேரவை ஆண்டுதோறும் மாநாடு நடத்தி, மாணவர்களுக்கு 'இளம் ஆய்வாளர் விருது' வழங்குகிறது. ஒவ்வொரு மாணவரும் பத்து நிமிடம் உரையாற்ற வேண்டும், மூன்று நடுவர்கள் கேள்வி கேட்க வேண்டும், சிறந்த உரைக்குப் பரிசு என்பது அவர்களே அறிவித்த விதி. நான் விண்ணப்பித்தேன். தலைப்பு: 'பாலக்கோடு வட்டாரத் தக்காளியில் ஊசிப்புழுவும் வயல்வேந்தன் மருந்தும்'. இந்தத் தலைப்புதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று பிறகு தெரிந்தது.

6. மாநாடு சென்ற டிசம்பர் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. முதலில் குத்துவிளக்கு. மேடையிலிருந்த ஒவ்வொரு பெரியவரும் ஒரு திரியை ஏற்றியாக வேண்டும் என்பதும், திரிகளைவிடப் பெரியவர்கள் அதிகம் என்பதும் விளக்கின் முன்னால் வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆகவே எரிந்துகொண்டிருந்த திரிகளையே மறுபடியும் ஏற்றினார்கள். பிறகு வரவேற்புரையில் செயலாளர் தலைவரைப் புகழ்ந்தார். தலைமையுரையில் தலைவர் செயலாளரைப் புகழ்ந்தார். வாழ்த்துரையில் பொருளாளர் இருவரையும் புகழ்ந்துவிட்டு, தன்னை யாரும் புகழவில்லை என்பதை நாசூக்காகச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு உரைக்கும் ஒரு பொன்னாடை. போர்த்திய பொன்னாடை மடிக்கப்பட்டு மேடைக்குப் பின்பக்கம் போய், சிறிது நேரத்தில் அடுத்தவர் தோளுக்கு வருவதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் நாங்கள் அதன் ஓரத்திலிருந்த கறையை வைத்துக் கண்டுபிடித்தோம். அன்று அந்த மண்டபத்தில் நடந்த ஒரே அறிவியல் ஆராய்ச்சி அதுதான்.

7. மாணவர் உரைக்கென்று வைத்திருந்த புரொஜெக்டரில் காலை முழுவதும் 'வயல்வேந்தன்' விளம்பரப் படம் ஓடியது. மாநாட்டுச் சாப்பாட்டுச் செலவை அந்த மருந்துக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்ததாம். மேடையில் நடு நாற்காலி கம்பெனிப் பிரதிநிதிக்கு. இதில் எனக்கு வருத்தமில்லை. சோறு போட்டவரை நடுவில் உட்கார வைப்பது மரியாதைதான். ஆனால் சாப்பிட்டவர்கள் நடுவர்களாகவும் இருந்ததுதான் பின்னால் வந்த வினை.

8. மாணவர் அமர்வு மதிய உணவுக்குப் பிறகு என்று போட்டிருந்தது. ரசம் ஊற்றும்போது பத்து நிமிட உரை ஐந்து நிமிடமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பாயசம் வந்தபோது அது இரண்டு நிமிடமானது. நாங்கள் கைகழுவும் இடத்தில் நின்று ஆய்வைச் சுருக்கிக்கொண்டிருந்தோம். அதற்குள் சிறப்பு விருந்தினர் பொம்மிடிக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும் என்ற செய்தி வந்தது. உடனே பரிசளிப்பை முதலிலும் உரைகளைப் பிறகும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பேச்சைக் கேட்காமல் பேச்சுக்கு எப்படிப் பரிசு கொடுப்பது என்று ஒரு மாணவர் கேட்டார். செயலாளர் முனைவர் சந்திரமோகன் அவர்கள், "பரிசு வாங்கிக்கிட்டு அப்புறம் நிதானமாப் பேசுங்க, யாரு வேணாங்கறாங்க" என்று பெருந்தன்மையோடு விடையளித்தார். நடுவர் மூவரில் ஒருவர் வரவே இல்லை. ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூன்றாமவர் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தார். பரிசளிப்பு முடிந்ததும் மறுநாள் முகூர்த்தத்துக்குப் பந்தல் அலங்காரம் செய்ய ஆட்கள் வந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். நிதானமாகப் பேசும் அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. சிறந்த உரைக்குப் பரிசு வழங்கிய அந்த மாநாட்டில் ஒரு மாணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

9. முதல் பரிசுக்கு என் பெயரை அழைத்தார்கள். மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சுருக்கத்தைப் படித்திருக்கிறார்கள், மருந்து விற்பவர் மேடையில் இருக்கும்போதே அவர் மருந்து வேலை செய்யாது என்று சொன்னவளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், இவர்களைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மேடைப் படி ஏறும்வரை எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஏறி முடித்ததும் வெட்கம் தெளிந்துவிட்டது. இடது கையில் கேடயத்தைக் கொடுத்தார்கள். வலது கையில் 'வயல்வேந்தன்' புட்டியைத் திணித்தார்கள். விருதின் பெயர் அந்த மேடையிலேயே 'வயல்வேந்தன் இளம் ஆய்வாளர் விருது' என்று வளர்ந்திருந்தது. "வயல்வேந்தன் மருந்தின் சிறப்பை அறிவியல் முறையில் நிறுவியமைக்காக" என்று பாராட்டுரை வாசித்தார்கள்.

10. நான் "இல்லைங்க" என்றேன். கைதட்டலில் அது எடுபடவில்லை. போட்டோக்காரர், "லேபிளு தெரியற மாதிரி திருப்பிப் புடிங்கம்மா" என்றார். ஒலிவாங்கியைக் கேட்டேன். செயலாளர் அதைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "நன்றியுரைக்கு வேற ஆளு இருக்காங்கம்மா" என்றார். இரண்டாம் முறை "இல்லைங்க" என்று சொன்ன நொடியில் படம் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அப்படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் நான் பூரித்துச் சிரிப்பதாகச் சொல்கிறார்கள்.

11. என் குறை மட்டுமே இம்மனுவில் இருக்கக் கூடாது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இதே மாநாட்டில் தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்குப் 'பயண உதவி' என்று ஒன்று உண்டு. சித்தேரி மலையைச் சேர்ந்த தேன்மொழி என்ற மாணவி, சாமைப் பயிரைத் தாக்கும் குருத்து ஈயைப் பற்றி ஆய்வு செய்கிறார். மலையிலிருந்து பஸ் கிடைத்து, அரூர் வந்து, அங்கிருந்து தருமபுரி வர வேண்டும் என்பதால் முந்தின நாளே கிளம்பி அரூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கி வந்தார். சித்தேரி இதே மாவட்டம் என்பதால் அவர் உள்ளூர்க்காரராம், உதவி கிடையாதாம். பெங்களூரிலிருந்து காரில் வந்திறங்கி, காலைச் சிற்றுண்டிக்கும் சரியாக வந்து சேர்ந்த ஒரு மாணவருக்கு அந்த உதவி கிடைத்தது. அவர் தலைவரின் தங்கை மகன் என்பது தற்செயல் என்கிறார்கள். அறிவியல் படித்தவர்கள் சொல்வதால் நம்புகிறேன். தேன்மொழி பேசுவதற்காகக் கொண்டுவந்ததைப் பேசாமலேயே திரும்ப எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

12. மாநாடு முடிந்த வாரமே, பாராட்டுரை தவறு, திருத்தி அறிவியுங்கள் என்று செயலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரிசைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெருமைப்பட அதில் எதுவும் இல்லை, திருத்தம் வந்துவிடும் என்றும் நம்பியிருந்தேன். பொங்கல் முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். அதன் பிறகுதான் தட்டிகள் ஏறியிருக்கின்றன. மாசியில் ஊருக்கு வந்தபோது பாலக்கோடு பஸ் நிலையத்துக்கு எதிரில் என்னையே நான் பார்த்தேன். ஓர் ஆள் உயரத்துக்குமேல் இருந்தேன். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் புட்டி, திறந்த வாய். 'விருது பெற்ற ஆய்வு! நம்ம ஊர் விஞ்ஞானி பரிந்துரைக்கும் வயல்வேந்தன்!' என்று எழுதியிருந்தது. காரிமங்கலம் சந்தை வாசலிலும் ஒன்று இருப்பதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

13. தட்டி கட்டியிருந்தது தங்கராஜ் என்பவரின் உரக்கடை முன்பு. அவரிடம் போய் இறக்கச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். "நான் என்னங்க பண்றது, கம்பெனிக்காரங்க கொண்டாந்து கட்டுனாங்க. போட்டா நல்லாத்தான இருக்குது" என்றார். நான் அந்த மருந்து வேலை செய்யாது என்று கண்டவள் என்றேன். அவர் தட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க பரிசு குடுத்தாங்க?" என்றார். பேரவையிலிருந்த அத்தனை முனைவர்களுக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

14. நான் விடுதியில் இருந்த அந்த இடைவெளியில் ஜானகியம்மாள் மண்டிக்குப் போகும் வழியில் தட்டியைப் பார்த்திருக்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கிட்டப் போய்ப் பார்த்து, அது நான்தான் என்று உறுதி செய்துகொண்டு, நேராக உரக்கடைக்குள் போய்ப் புட்டி வாங்கிக்கொண்டு வந்து, முழு வயலுக்கும் அடித்திருக்கிறார். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தால், கேட்க என்ன இருக்கிறது? முதலில் வேண்டாம் என்று சொன்ன பெண், மேலும் படித்துப் பார்த்து, அது தப்பு என்று கண்டுபிடித்திருக்கும், அதற்குத்தான் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். பரிசு கொடுப்பவர்கள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று அவர் நம்பினார். நானும் மேடைப் படிவரை அப்படித்தான் நம்பினேன்.

15. இலை முழுக்கச் சுரங்கம் விழுந்தது. மறுபடி அடித்தார். காயில் துளை விழுந்தது. மறுபடியும் அடித்தார். ஒரு பறிப்புக்குப் பிறகு நல்ல பழம் பொறுக்கியெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. மண்டியில் ஏலத்துக்கே எடுக்காததால், பெட்டிகளை வாசலில் மாடுகளுக்குக் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டிகளோடு ஊர் திரும்பினார். இந்த நட்டம் முழுவதும் மருந்தால்தான் என்று நான் எழுதமாட்டேன். இவ்வாண்டு அக்கம்பக்கத்திலும் புழு அதிகம். அதைப் பிரித்துப் பார்க்காமல் சொல்வது முறையாகாது. ஆய்வு செய்யாததை ஆய்ந்ததாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் மருந்தை அவர் அடித்தது என்னால்தான் என்பதில் ஐயமில்லை.

16. நான் ஊருக்கு வந்தது தெரிந்து ஜானகியம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நீ வேணாம்னு சொன்னப்ப வுட்டேன். நீ போட்டாவுல புடிச்சிக்கிட்டுச் சிரிக்கறப்ப அடிச்சேன். ரெண்டுமே உன்னை நம்பித்தான் புள்ளே" என்றார். நடந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். குளவி, புழு, மேடை, ஒலிவாங்கி, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மைக்கைப் புடுங்கிச் சொல்லியிருக்கலாமில்ல" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் வயலுக்கும் அவர் வயலுக்கும் ஒரே வரப்பு. அதன்பிறகு என்னைக் கண்டால் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். என் வாழ்நாளில் எனக்கு இவ்வளவு அவமானம் நேர்ந்ததில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

17. செயலாளர் அவர்களை நேரில் போய்ப் பார்த்தேன். என் சுருக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். "எல்லாத்தையும் படிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா மாநாட்டை எப்பம்மா நடத்தறது?" என்றார். பிறகு எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். தலைப்பில் அந்த மருந்தின் பெயர் இருந்த ஒரே ஆய்வு என்னுடையதுதானாம். மருந்துக்காரர் விருது கொடுக்கும்போது மருந்தைப் பற்றிய ஆய்வுக்குக் கொடுப்பதுதானே பொருத்தமாம். தலைப்பை அவர் படித்திருக்கிறார் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். சுருக்கத்தை எடுத்து அவர் மேசையில் வைத்து மூன்றாவது வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் சிறிது மாறியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்ல ஆராய்ச்சிதான்மா. அதுக்குத்தான பரிசே குடுத்திருக்கோம்" என்றார். இவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் படித்த விலங்கியலில் இவ்வினத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

18. பரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றேன். பேரவையின் துணைவிதிகளில் பரிசு கொடுப்பதற்கு மட்டுமே வழி இருக்கிறதாம், வாங்கிக்கொள்வதற்கு வழி இல்லையாம். மேலும், பரிசை வேண்டாம் என்று வந்து நிற்கும் முதல் ஆள் நான்தான் என்றும், வீட்டில் ஏதாவது மனவருத்தமா என்றும் கனிவோடு விசாரித்தார். தட்டிகளைப் பற்றிக் கேட்டதற்கு, அது கம்பெனியின் விஷயம், பேரவை அறிவியலை மட்டுமே பார்க்கும் என்றார்.

19. என் நெறியாளர் மேற்படி பேரவையின் வாழ்நாள் உறுப்பினர். இம்மனுவை எழுதப்போவதாகச் சொன்னபோது, "பட்டம் கையில வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரும்மா. உன் ஆய்வேடு அவுங்க கைக்குத்தான் போவும்" என்று அறிவுரை கூறினார். அவர் சொல்வது பொய்யல்ல. என் ஆய்வேட்டை மதிப்பிட வரக்கூடியவர்கள் அதே மேடையில் அதே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டவர்கள்தான். அவர்கள் அதையும் படிக்காமலேயே மதிப்பிடுவார்கள் என்பது மட்டுமே எனக்கு இருக்கும் ஒரே தைரியம். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும் என்று முடிவு செய்துதான் இதை எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்கினால் அதற்கும் ஒரு தட்டி கட்டுவார்கள்.

20. ஆகவே தங்கள் மேலான அதிகாரத்துக்கு உட்பட்டு, கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்:

அ) எனக்கு வழங்கிய விருது செல்லாது என்று பேரவையே அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு அவர்களின் ஆண்டு மலரின் மூலையில் வேண்டாம்; தட்டிகள் எந்தெந்த இடத்தில் எந்த அளவில் நிற்கின்றனவோ, அந்த இடங்களில் அதே அளவில் வேண்டும். எழுத்துகள் பஸ்ஸிலிருந்தே படிக்கும்படி இருக்க வேண்டும்.

ஆ) என் படம் போட்ட தட்டிகளை இறக்க வேண்டும். சென்ற வாரக் காற்றில் பாலக்கோட்டுத் தட்டி ஒரு பக்கம் கிழிந்தது. போய்ப் பார்ப்பதற்குள் புதுக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இப்போது என் வாய் முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது.

இ) இனி மாணவர் எவருக்கும் அவர் பேச்சைக் கேட்காமல் பரிசு வழங்கக் கூடாது என்று பேரவைக்கு அறிவுறுத்த வேண்டும். இப்படி ஓர் அறிவுறுத்தலைப் பதிவாளர் அலுவலகம் தரவேண்டியிருப்பதற்குப் பேரவை வெட்கப்படாது. அவர்கள் சார்பில் நான் வெட்கப்பட்டுக்கொள்கிறேன். தேன்மொழிக்கு மறுத்த பயண உதவியைப் பற்றியும் விளக்கம் கேட்க வேண்டும்.

ஈ) அறிவித்தபடி எனக்குச் சேரவேண்டிய அந்தப் பத்து நிமிடம் வேண்டும். மண்டபத்தில் வேண்டாம். பாலக்கோடு தக்காளி மண்டியில், ஏலம் தொடங்கும் முன், ஓர் ஒலிவாங்கியோடு வேண்டும். பேரவையின் நடுவர்கள் மூவரும் வந்து நின்று கேட்க வேண்டும். பொன்னாடை தேவையில்லை.

21. அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜானகியம்மாளும் ஊராரும் அடுத்த நடவுக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். நாற்றை வயலுக்கு மாற்றும் முன் தட்டி இறங்கவில்லை என்றால், ஊரில் மற்றவர்களும் அதையே நம்பி அடிப்பார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "அங்க ஒண்ணு சொல்ற, இங்க ஒண்ணு சொல்றியே" என்கிறார்கள். இருவர் சிரித்தார்கள். ஒருவர், கம்பெனிக்காரன் பேசின காசைக் கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

22. இம்மனுவின் கடைசியில் சாட்சி என்று ஓரிடம் விட்டிருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஜானகியம்மாள் கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு சேரும் என்று நினைத்து, வரப்பில் நின்று கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். நூறு நாள் வேலையில் தெளிவாகக் கையெழுத்துப் போடுபவர். மனுவை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். "இதுல மேல உன் பேருதான இருக்குது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உன் பேரு போட்ட காயிதத்தை நம்பி இனி நான் எதும் பண்றதா இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். அந்த இடத்தை வேறு யாரையும் கொண்டு நிரப்ப எனக்கு மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன். தாங்கள் எடுக்கும் நடவடிக்கைக்குப் பிறகு, இந்த மனுவின் நகலை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே வரப்புக்குப் போவேன்.

கேடயத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இணைப்பு: 1. என் ஆய்வுச் சுருக்கம் (மூன்றாவது வரி அடிக்கோடிடப்பட்டுள்ளது). 2. மாநாட்டு அறிவிப்பின் நகல். 3. பதிவுத் தபால் ரசீது. 4. தட்டியின் புகைப்படம். 5. கேடயம் ஒன்று.

இடம்: தருமபுரி
நாள்: 24.03.2025

இங்ஙனம்,
பரிசை ஏற்க மறுக்கும் மனுதாரர்,
(ஒப்பம்)
ஆ. கோகிலவாணி

சாட்சி:
ஜானகியம்மாள், மல்லேனஅள்ளி
(கையொப்பம் இல்லை)